காட்டுப்பன்றியைச் சுடுவதா, தடுப்பதா, இழப்பீடு கேட்பதா?

நிலக்கடலை முற்றும் பருவம் வந்தால் மலையடிவாரத்து ஊர்களிலிருந்து வாசகர் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். உழவர்கள் கேட்பது ஒன்றுதான்: "பன்றியைச் சுட அனுமதி வாங்குவதா, கடன் வாங்கி வேலி போடுவதா?" அதே வாரத்தில் காட்டுயிர் ஆர்வலர்களிடமிருந்தும் கடிதம் வரும்: "சுடுவதற்கு ஒருமுறை கதவைத் திறந்துவிட்டால் நாளை எந்த விலங்கு மிஞ்சும்?" கேட்பவர்கள் இரு தரப்பாக இருந்தாலும் கேள்வி ஒன்றே. வேட்டை, அதாவது சட்டத்துக்கு உட்பட்டு நடக்கும் கொலை, காட்டைக் காக்க உதவுமா, உதவாதா? இதற்குப் பொதுவாக விடை சொல்ல முடியாது. காட்டுப்பன்றி என்ற ஒரு விலங்கையும் தமிழ்நாட்டின் நிலத்தையும் முன்னால் வைத்துக்கொண்டால் ஓரளவு சொல்லலாம்.

கோவை மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் ஒரு கடலைக்காட்டை விடியற்காலையில் பார்த்திருக்கிறேன். மண் ஏரால் கிளறியதுபோல் புரண்டு கிடந்தது. செடிகள் வேர் மேலாகத் திரும்பியிருந்தன, காய் ஒன்றுகூட இல்லை. வேலிக்கல்லின் கீழ்ப்பகுதியில் சேறும் இரண்டு மூன்று தடித்த மயிர்களும் ஒட்டியிருந்தன. வேலியின் இடுக்கில் பழைய மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கம்பி ஒன்று, முழங்காலுக்குக் கீழே, சுருக்காகக் கட்டப்பட்டிருந்தது. அதை யார் கட்டியது என்று கேட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை. புரண்டு கிடந்த மண்ணையும் அந்தக் கம்பியையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த விஷயத்தில் எந்த முடிவும் எடுக்க முடியாது என்று அன்றைக்குப் பட்டது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து அளவுகோல்களைக் கொள்கிறேன். முதலாவது, அடுத்த போகத்தில் சேதம் உண்மையிலேயே குறையுமா என்பது. எத்தனை பன்றி செத்தது என்பது வேறு கணக்கு, எத்தனை மூட்டை வீடு வந்து சேர்ந்தது என்பது வேறு கணக்கு. இரண்டாவது, பன்றிக்கு வைத்தது வேறு எந்த உயிரை வாங்கும் என்பது. மூன்றாவது, காட்டுக்குள் பன்றி குறையாமல் இருக்குமா என்பது. அது புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் இரை, மண்ணைக் கிளறிக் காட்டுக்கு வேலை செய்யும் உயிர். நான்காவது, செலவையும் உழைப்பையும் யார் சுமக்கிறார் என்பது. ஐந்தாவது, உழவரின் கோபம் ஆறுமா என்பது. கடைசியாகச் சொன்னதை மென்மையான விஷயமென்று ஒதுக்கிவிடக் கூடாது, ஏனென்றால் ஆறாத கோபம்தான் கிளட்ச் கம்பியாக மாறுகிறது.

இரண்டாவது அளவுகோல் நமக்குப் புதிதன்று. நற்றிணையின் 119ஆம் பாடலில், தினையைத் தின்ன வரும் பன்றிக்காகக் குறவன் வைத்த கல்பொறியில் வலிய புலி ஒன்று அகப்படுகிறது. ஒன்றுக்கு வைத்த பொறியில் இன்னொன்று சிக்கும் என்பதை அன்றே கண்டிருக்கிறார்கள். இன்று பொறிகள்தான் மாறியிருக்கின்றன. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே பன்றிக்காகத் திருட்டு மின்சாரம் பாய்ச்சிய வேலியில் மூன்று யானைகள் மடிந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. பழத்துக்குள்ளோ மாவு உருண்டைக்குள்ளோ வெடிமருந்தைப் பொதிந்து வைக்கும் அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதைந்து, பல நாள் பட்டினி கிடந்து இறந்த யானைகளைக் கோவை வனக்கோட்டம் பலமுறை பார்த்திருக்கிறது. 2020 மே மாதம் கேரளத்தில் அப்படி வெடி பொதிந்த உணவைக் கடித்த கருவுற்ற யானை, வெள்ளியாற்றுத் தண்ணீரில் நின்றபடியே உயிர்விட்டதை நாடே பார்த்தது.

## வேட்டை காட்டைக் காக்கும் என்ற வாதம்

வெளிநாட்டு எடுத்துக்காட்டுகளைக் காட்டி "அங்கே வேட்டையால்தான் விலங்கு பிழைத்தது" என்று எழுதும் வாசகர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. நமீபியா 1996இல் சட்டத்தைத் திருத்தி, தங்கள் நிலத்தில் வாழும் காட்டுயிர்மீது உள்ளூர்ச் சமூகங்களுக்கு உரிமை கொடுத்தது. வேட்டைக் கட்டணமும் இறைச்சியும் ஊருக்கு வந்ததால், முன்பு திருட்டுவேட்டையைக் கண்டுகொள்ளாதிருந்த ஊரே காவல் நின்றது. பாகிஸ்தானின் வடக்கு மலைகளில் மார்க்கோர் என்னும் திருகுகொம்பு ஆட்டுக்கு ஆண்டுக்கு ஒரு சில வேட்டை உரிமங்கள் மட்டும் ஏலத்தில் விடப்படுகின்றன, அந்தத் தொகையில் 80 சதவீதம் உள்ளூர் மக்களுக்குப் போகிறது. 2015இல் அந்த ஆடு அழிவுநிலைப் பட்டியலில் இரண்டு படி பாதுகாப்பான இடத்துக்கு நகர்ந்தது. எதிர்ப்பக்கத்தில் கென்யா 1977இல் வேட்டையை முற்றாகத் தடை செய்தது. ஆனாலும் 1977க்கும் 2016க்கும் இடையே அங்கே காட்டுயிர் எண்ணிக்கை சராசரியாக 68 சதவீதம் சரிந்ததாகக் கணக்கெடுப்பு ஆய்வு காட்டியது. மேய்ச்சல் நிலம் துண்டானதும் கால்நடை பெருகியதும் திருட்டுவேட்டையும் தடையை மீறி வேலை செய்தன.

இந்த எடுத்துக்காட்டுகளை அப்படியே இங்கே கொண்டுவந்து நட முடியாது. வேட்டை காப்புக்கு உதவுவதாகச் சொல்லும்போது மூன்று வழிகள் பேசப்படுகின்றன: பணம் தரும், எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கும், மக்களின் பொறுமையை நீட்டிக்கும். முதல் வழி இந்தியாவில் இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியோடு கொல்லப்படும் விலங்கும் அரசின் சொத்து, அதன் இறைச்சிக்கோ கொம்புக்கோ ஊர் உரிமை கோர முடியாது. இரண்டாவது வழி பன்றியிடம் அனேகமாகப் பலிக்காது, அதைப் பின்னால் சொல்கிறேன். மூன்றாவது மட்டும் நிற்கிறது. ஆகவே காட்டுப்பன்றியைச் சுடுவது என்ற முடிவை எடைபோடும்போது நான் கேட்பது ஒன்றே: இது அந்த ஊரிலிருந்து சுருக்குக் கம்பியையும் அவுட்டுக்காயையும் திருட்டு மின்வேலியையும் வெளியேற்றுமா? வெளியேற்றுமானால் அது காட்டைக் காக்கும் வேட்டை. வெளியேற்றாதென்றால் அது இன்னொரு கொலை மட்டுமே.

## ஒரே பார்வையில்

| வழி | அடுத்த போகத்தில் சேதம் | பிற விலங்குகளுக்கு ஆபத்து | செலவு யாருக்கு | மறைந்திருக்கும் விலை |
|---|---|---|---|---|
| இழப்பீடு, காப்பீடு | குறையாது | இல்லை | அரசுக்கு. அலைச்சல் உழவருக்கு | தாமதம், சான்று, கோபம் |
| வேலியும் காவலும் | நன்றாகப் பராமரித்தால் குறையும் | முறைப்படி அமைத்தால் மிகக் குறைவு | உழவருக்கு | பராமரிப்பு. பன்றி அடுத்த வயலுக்குத் திரும்பும் |
| பிடித்துக் காட்டில் விடுதல் | சில வாரம் குறையும் | நோய் பரவலாம் | வனத்துறைக்கு | அதே பன்றி திரும்பி வரலாம் |
| வனத்துறை சுடுதல் | ஓரளவு, வேலியோடு சேர்ந்தால் | குறைவு | வனத்துறைக்கு | ஆள் பற்றாக்குறை, காத்திருப்பு |
| உள்ளாட்சி அனுமதியில் சுடுதல் | ஓரளவு | நடுத்தரம் | ஊராட்சிக்கு | சுடுபவர் கிடைப்பது, கண்காணிப்பு |
| தொல்லை உயிரினமாக அறிவித்தல் | நிச்சயமில்லை | மிக அதிகம் | யாருக்கும் பொறுப்பில்லை | இறைச்சிச் சந்தை, பொறிகளுக்கு மறைப்பு |

## இழப்பீடும் காப்பீடும்

இழப்பீடு பன்றியைத் தடுக்காது, இழந்ததில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். யானை வாழையை மிதித்தால் கால்தடம் யாருக்கும் தெரியும். பன்றி மரவள்ளிக் கிழங்கைத் தோண்டியதை மழை பெய்து இரண்டு நாளானபின் நிரூபிப்பது கடினம். கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையிடமும் வேளாண் துறையிடமும் மாறி மாறி நடக்கும் நாட்களுக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை; குத்தகைக்கு உழுபவர் பெயரில் சிட்டாவே இருக்காது என்பதால் அவருக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைப்பதில்லை. இந்த வழியின் மிகப் பெரிய மறைவிலை இதுதான் என்பேன்: நஷ்டம் குத்தகைக்காரருக்கு, பணம் பட்டாக்காரருக்கு.

பிரதமர் பயிர்க்காப்பீட்டுத் திட்டத்தில் காட்டுவிலங்குச் சேதத்தைக் கூடுதல் காப்பாகச் சேர்த்து 2026 காரீஃப் பருவத்திலிருந்து நடைமுறைப்படுத்துவதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. சேதத்தை 72 மணி நேரத்துக்குள் படத்துடன் செயலியில் பதிய வேண்டும். எந்த விலங்கு, எந்தப் பகுதி என்பதை மாநில அரசு அறிவிக்க வேண்டும். எப்போதாவது ஒருமுறை பன்றி வரும் ஊருக்கும், காப்புக்காட்டை, அதாவது அரசு பாதுகாக்கும் காட்டை, ஒட்டியே இருப்பதால் சுட அனுமதி கிடைக்காத ஊருக்கும் இது பயன்படும். வாரந்தோறும் பன்றி இறங்கும் நிலத்தில் இதை மட்டும் நம்பி விதைக்க முடியாது.

## வேலியும் காவலும்

நம்மூரில் பழைய சேலை கட்டாத கடலைக்காடு குறைவு. சேலை, தகர டப்பா, ஒலிபெருக்கி, மயிர்க்கழிவு என்று எதுவானாலும் பன்றி பழகும்வரைதான். இரண்டு வாரம் தாங்கினால் அறுவடைக்கு முந்தைய அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்ல கணக்கு. விதைத்த நாளிலிருந்து கட்டினால் காய் பிடிக்கும்போது அது பயனற்றுப் போயிருக்கும்.

சூரிய மின்வேலி வேறு வகை. பேட்டரியிலிருந்து விட்டுவிட்டு வரும் துடிப்பு அதிர்ச்சி தரும், கொல்லாது. ஆனால் யானைக்குப் போட்ட வேலி பன்றிக்கு உதவாது என்பதைப் பலர் பணம் செலவழித்த பிறகே உணர்கிறார்கள். பன்றிக்குக் கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஓட வேண்டும். அந்த உயரத்தில் புல் தொடும், தொட்டால் மின்துடிப்பு மண்ணில் இறங்கிவிடும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது வேலியடியைச் செதுக்க ஆள் வேண்டும். அந்தக் கூலியைக் கணக்கில் சேர்க்காத உழவரின் வேலி இரண்டாம் ஆண்டில் வெறும் கம்பியாகி நிற்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். கம்பிவலை வேலி என்றால் அடிப்பகுதியை ஓர் அடியாவது மண்ணுக்குள் புதைக்க வேண்டும், இல்லையேல் மூக்கால் நெம்பி உள்ளே வந்துவிடும். காட்டையொட்டிய நிலத்தில் மின்வேலி அமைக்க 2023ஆம் ஆண்டின் தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி வனத்துறையில் பதிவு செய்தாக வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

இன்னொரு விலை அடுத்த வயல்காரருக்கு விழுகிறது. பத்து ஏக்கர்காரர் வேலி போட்டால், வேலி போட முடியாத அரை ஏக்கர்காரரின் நிலத்துக்குப் பன்றி முழுதாகத் திரும்பும். அதனால்தான் தனித்தனி வேலியைவிட, இருபது முப்பது உழவர் சேர்ந்து ஊர்க்கோடியில் ஒரே வேலி போட்டு, முறைவைத்துப் பராமரிப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். காட்டையொட்டி நெருக்கமாக நிலங்கள் இருக்கும் ஊருக்கு இதைவிட நல்ல வழி தென்படவில்லை.

## பிடித்துக் காட்டில் விடுதல்

கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடுவது கேட்பதற்கு இதமாக இருக்கிறது. ஆனால் பன்றி கூட்டமாக வாழும் விலங்கு. இரண்டு சிக்கினால் மற்றவை அந்தக் கூண்டை அறிந்துகொள்ளும். விடப்பட்டது கடலை ருசி கண்டது, மீண்டும் வர முயலும். இதைவிடப் பெரிய கவலை நோய். 2023 தொடக்கத்தில் முதுமலையில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலால் காட்டுப்பன்றிகள் மடிந்தன. வீட்டுப்பன்றிகளோடு குப்பைமேட்டில் கலந்து திரியும் ஊரோரப் பன்றியைப் பரிசோதிக்காமல் காட்டுக்குள் கொண்டுபோய் விடுவது காட்டுக்குச் செய்யும் நன்மையாகாது.

## வனத்துறை சுடுவது

தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்த முறை தூரத்தை அடிப்படையாகக் கொண்டது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக்கூடாது, பிடிக்கவும் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால், ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் வனத்துறையினரும் அடங்கிய குழுவின் வழியே புகார் உறுதியானால், பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். தனியாருக்குத் துப்பாக்கி இல்லை.

இந்தக் கோடு சரியான இடத்தில் கிழிக்கப்பட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். காட்டோரப் பன்றி காட்டின் இரை; அதைச் சுட்டால் சிறுத்தை பட்டியிலிருக்கும் ஆட்டைத் தேடி வரும். தொலைவில் இருக்கும் பன்றியோ, குறிப்பாக இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ச் சமவெளிகளில், கண்மாய்க்குள் மண்டிய சீமைக்கருவேலப் புதரில் குட்டி போட்டுப் பெருகுகிறது. அதைப் பிடித்துத் தின்னப் புலியும் இல்லை, செந்நாயும் இல்லை. அங்கே சுடுவதால் எந்தக் காட்டின் சமநிலையும் குலையாது.

ஆனால் சுட்டால் குறைந்துவிடும் என்ற எதிர்பார்ப்புடன் இதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பெண்பன்றி ஏறக்குறைய நான்கு மாதம் சினையாக இருந்து, ஒரே ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் வரை ஈனும்; தீனி நன்றாகக் கிடைத்தால் பிறந்த குட்டி ஓராண்டுக்குள்ளேயே தானும் சினைபிடிக்கும். ஜெர்மனியில் 2019-20 வேட்டைப் பருவத்தில் மட்டும் 8.8 லட்சம் காட்டுப்பன்றிகள் சுடப்பட்டன, அப்படியும் அங்கே பன்றி பெரும் தொல்லையாகவே தொடர்கிறது. கடுமையாக வேட்டையாடப்படும் கூட்டங்களில் இளம்பெண்பன்றிகள் முன்னதாகவே ஈனத் தொடங்குவதை ஐரோப்பிய ஆய்வுகள் கண்டிருக்கின்றன. போதாக்குறைக்கு, இரவில் வயல்நடுவே தனியாக வந்து நின்று குண்டுக்கு எளிதில் இலக்காவது பெரும்பாலும் பெரிய ஆண்பன்றி. கூட்டத்தை நடத்திச் செல்லும் பெண்பன்றிகள் புதரில் பத்திரமாக இருக்கும். பத்து ஆண்பன்றி செத்தாலும் அடுத்த ஈற்றின் கணக்கு மாறாது.

அப்படியானால் சுடுவதால் என்ன பயன்? வயலுக்குள் வரப் பழகிய குறிப்பிட்ட கூட்டத்தை அறுவடைக்கு முன் விலக்கலாம். அதைவிட முக்கியமாக, புகார் கொடுத்தால் சீருடை அணிந்தவர் ஒருவர் இரவில் வந்து வரப்பில் உட்காருவார் என்ற நம்பிக்கை பிறக்கும். அந்த நம்பிக்கை இருக்கும் ஊரில் கிளட்ச் கம்பி குறையும். மறைவிலையும் இதே இடத்தில்தான். ஒரு வனச்சரகத்தில் துப்பாக்கிப் பயிற்சியுள்ளவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அவர்களே காட்டுத்தீக்கும் ஊருக்குள் வந்த யானைக்கும் ஓட வேண்டியவர்கள். மனு கொடுத்து மாதக்கணக்கில் யாரும் வராவிட்டால், அனுமதியே இல்லாத காலத்தைவிடக் கோபம் அதிகமாகும். ஆகவே இந்த வழியைக் கேட்கும் ஊர், "சுடுங்கள்" என்று மட்டும் கேட்காமல், எத்தனை நாளில் வருவார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

## கேரளம் தேர்ந்த வழி

கேரள அரசு 2022இல் ஊராட்சித் தலைவர்களுக்கும் நகராட்சித் தலைவர்களுக்கும் அனுமதி கொடுக்கும் அதிகாரத்தைப் பகிர்ந்தது. உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலிலிருந்து ஊராட்சி ஒருவரை அழைக்கலாம். விஷம், வெடி, மின்சாரம் ஆகியவற்றுக்கு அனுமதியில்லை, கொன்றதைப் புதைத்தாக வேண்டும். இதில் விரைவு உண்டு, முடிவு ஊருக்கு அருகிலேயே எடுக்கப்படுகிறது. ஆனால் சுடுபவரின் கூலியும் புதைக்கும் செலவும் முதலில் ஊராட்சியின் தலையில் விழும். வாக்குக் கேட்டு நிற்கும் தலைவரால் "இங்கே தேவையில்லை" என்று மறுப்பதும் எளிதன்று. துப்பாக்கி உரிமம் ஓரளவு பரவியிருக்கும் மலைத்தோட்டப் பகுதிக்கு இது பொருந்தும். நம் சமவெளி ஊராட்சிகளில் உரிமம் வைத்திருப்பவரைத் தேடுவதே முதல் வேலையாகிவிடும்.

## தொல்லை உயிரினமாக அறிவித்தல்

வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்கீழ் மத்திய அரசு ஒரு விலங்கை, குறிப்பிட்ட இடத்துக்கும் காலத்துக்கும், 'வெர்மின்' என்று அறிவிக்கலாம். அப்போது யாரும் அதைக் கொல்லலாம், அனுமதி தேவையில்லை. கேரளம் இதைப் பலமுறை கேட்டும் கிடைக்கவில்லை. பல உழவர் கூட்டங்களில் இந்தக் கோரிக்கையே மேடையேறுகிறது. அவர்களின் வேதனையை முழுதும் ஏற்றுக்கொண்டே இதை எதிர்க்கிறேன்.

பிற மாநிலங்களின் அனுபவத்தைப் பாருங்கள். 2015, 2016ஆம் ஆண்டுகளில் பீகாரில் நீலப்பசு என்னும் பெரிய மறிமானும், உத்தரகண்டில் காட்டுப்பன்றியும், இமாச்சலத்தில் குரங்கும் இவ்வாறு அறிவிக்கப்பட்டன. 2016 ஜூனில் பீகாரின் மொகாமாவில் வெளியூர்ச் சுடுநர்களை அழைத்துச் சில நாட்களில் 200க்கும் மேற்பட்ட நீலப்பசுக்களைக் கொன்றார்கள். இமாச்சலத்திலோ அனுமனின் பெயரால் குரங்கைச் சுட மக்கள் பெரும்பாலும் முன்வரவில்லை, அறிவிப்பு தாளில் இருந்தது. ஒன்றில் மிகை, மற்றதில் வெறுமை.

இதன் மறைவிலை இரண்டு. வெர்மினாக அறிவிக்கப்பட்ட விலங்கின் உடல் அரசின் சொத்தாகாது, ஆகவே இறைச்சிக்குச் சந்தை திறக்கும். சந்தை திறந்தபின் பன்றி வயலில் சாகாது. இறைச்சி கிடைக்கும் இடத்தில், அதாவது காட்டுக்குள்ளே சாகும். அடுத்தது பொறி. இன்று சுருக்குக் கம்பியுடன் பிடிபடுபவர் "பன்றிக்குத்தான் வைத்தேன்" என்று சொன்னாலும் குற்றவாளி. நாளை அதே சொல் அவருக்குக் கேடயமாகிவிடும், கம்பியில் சிக்குவது மானாக இருந்தாலும் சிறுத்தையாக இருந்தாலும். நான் மேலே கேட்ட ஒரே கேள்விக்கு இந்த வழி நேர் எதிரான விடையைத் தருகிறது.

## எந்த ஊருக்கு எது

உங்கள் நிலம் காப்புக்காட்டுக்கு 1 கிலோமீட்டருக்குள் என்றால் பொதுவேலியும் காப்பீடும்தான் வழி. சுடக் கோரி மனு எழுதுவதில் காலத்தைச் செலவிட வேண்டாம். வேலிக்கு மானியம் கோரி எழுதுங்கள். 3 கிலோமீட்டருக்கு அப்பால், புதர் மண்டிய கண்மாயோ ஓடையோ அருகில் இருந்தால், வனத்துறை சுடுவதைக் கோரலாம், ஆனால் கருவேலத்தை அகற்றும் கோரிக்கையையும் அதே மனுவில் சேர்க்க வேண்டும். புதர் இருக்கும்வரை இன்றைக்குச் சுட்ட இடத்தை நாளை வேறொரு கூட்டம் நிரப்பும். இடைப்பட்ட 1 முதல் 3 கிலோமீட்டரில் இருப்பவர்களின் நிலைதான் மிகக் கடினம். கூண்டு சில வாரத் தணிப்பை மட்டுமே தரும் என்பதை அறிந்தே, கடலை, மரவள்ளி, மக்காச்சோளம் போடும் வயல்களை ஒன்றாகத் திரட்டி நடுவில் வைத்து, வெளிச்சுற்றில் ஆமணக்கு போன்ற பன்றி விரும்பாத பயிரை நட்டு, கிராமமே சேர்ந்து வேலியிடுவது அங்கே ஓரளவு கைகொடுக்கும். ஊர்க்கோடியில் கோழிக்கழிவு கொட்டும் இடம் இருந்தால், எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் அதை மூடுங்கள். பன்றியை வயல்வரை அழைத்து வருவது பல ஊர்களில் அதுதான்.

இவை அனைத்துக்கும் முன்னால் தெரிய வேண்டியது தூரம். சாலை வழியாக அளந்த தூரம் செல்லாது, காப்புக்காட்டின் எல்லைக் கல்லிலிருந்து நேர்கோட்டில் அளக்க வேண்டும். எல்லை வரைபடம் வனச்சரக அலுவலகத்தில் இருக்கும். உங்கள் புல எண்ணை எழுதிக் கொடுத்து, அது எந்த வளையத்தில் வருகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராமசபை கூடுகிறது. அந்தக் கடிதத்தையும், சேதத்தின் தேதியிட்ட படங்களையும், வேலியோரத்தில் கண்டெடுத்த சுருக்குக் கம்பிகள் இருந்தால் அவற்றையும் அந்த மேசையில் வையுங்கள்.